தொட்டுப் பார்க்காத மலை

1.

இந்தக் கதை ஒரு ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவிலிருந்து பிறந்தது. கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கனவில் வந்தது, ரயிலில் யாரோ சொன்னது என்று பெரிய எழுத்தாளர்கள் சொல்வார்கள். என்னிடம் அப்படி அழகான பதில் கிடையாது. சாம்பல் நிறம், பளபளப்பு இல்லாத ரகம். நான் வேலை பார்க்கும் கடையில் பெயின்ட் பிரிவின் நான்காவது தட்டில் இருக்கும்.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

டுலூத்தில் ஏரி இன்னும் உறைந்திருந்த ஒரு மார்ச் மாத

(டுலூத் நான் இருக்கும் அமெரிக்க ஊர். ஏரியில் தொடங்கும் கதைகளை நானே இரண்டாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவேன். வேண்டாம்.)

போருக்கு மூன்று வாரம் இருக்கும்போது மலை உருகியது.

(நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போர் என்றதும் நீங்கள் வேறெங்கோ போய்விடுவீர்கள். இது மேஜை மேல் நடக்கும் போர். வீரர்கள் கட்டைவிரலின் பாதி உயரம். பகடை உருட்டி, அளவு நாடா வைத்து நகர்த்துவோம். யாரும் சாவதில்லை, டப்பாவுக்குள் திரும்பிப் போவார்கள்.)

ஆர்லன் ஹோவ்லண்ட் தன் வாழ்நாளில் ஒரு முறைகூட

(ஒரு முறைகூட என்ன? அதைச் சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். இது இப்படியே அறுந்து கிடக்கட்டும். பிறகு வருகிறேன்.)

2.

ஆர்லனுக்கு எழுபத்தொரு வயது. பள்ளிப் பேருந்துகளின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடும் எங்கள் ஒன்பது பேர் குழுவில் நிலம் செய்கிறவர் அவர்தான். மலை, வயல், ஆறு, இடிந்த வீடு எல்லாம் அவர் கை.

ஒன்பது வருஷத்துக்கு முன் எங்கள் கடையில் மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு தென்னை நார் மிதியடியைச் சீப்பு வைத்து வாரிக்கொண்டிருந்தார். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டேன். கோதுமை எப்படி நிற்கிறது என்று பார்ப்பதாகச் சொன்னார். நான் மிதியடியைப் புரட்டினேன். பின்னால் பொள்ளாச்சி என்று ஒட்டியிருந்தது. நான் உடுமலைப்பேட்டைக்காரி. அரை மணி நேரப் பயணம்தான் என்றேன்.

"அப்ப எங்க கோதுமையெல்லாம் உங்க ஊர்லதான் வெளையுதா?" என்றார், முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் கீழ்த்தளத்தில் இருந்தேன்.

எனக்குப் போரில் ஆசை கிடையாது. இன்றுவரை பெரும்பாலும் தோற்கிறேன். என்னைப் பிடித்து உட்கார வைத்தது பொருள்கள். காபி குடித்தபின் மிஞ்சும் தூளை அடுப்பில் வறட்டினால் உழுத மண். வறட்டாமல் போட்டால் இரண்டே வாரத்தில் உங்கள் போர்க்களத்தில் பூஞ்சை பூக்கும். மிதியடி நார் விளைந்த கோதுமை. தேயிலைச் சக்கை உதிர்ந்த இலை. பூனை மலம் கழிக்கும் மண் (புதியது!) இடிந்த சுவர். காபி கலக்கும் குச்சி பாலத்துப் பலகை. குளியல் பஞ்சைப் பிய்த்து நிறம் ஊற்றினால் புதர். கார்க் மரத்துப் பட்டையை உடைத்தால் பாறை, அதுவும் எந்தச் சிற்பியும் செதுக்க முடியாத பாறை.

இந்த ஆட்களோடு கடைக்குப் போனால் மானம் போகும். எதை எடுத்தாலும் அது என்ன என்று பார்க்க மாட்டார்கள். சின்ன மனிதனுக்குப் பக்கத்தில் அது என்னவாகத் தெரியும் என்று பார்ப்பார்கள். இப்போது நானும் அப்படித்தான். கறிவேப்பிலைக் காம்பைப் பார்த்தால் பட்டுப்போன மரம் தெரிகிறது.

கதைக்கும் இப்படித்தான் பொருள் சேர்க்கிறேனோ என்று ஒரு சந்தேகம். இந்த ஆர்லன்கூட நிஜ ஆர்லனிலிருந்து பிய்த்து, வறட்டி, ஒட்டியவர்தான்.*

* ஆங்கிலத்தில் நாங்கள் இருவரும் பேர் சொல்லித்தான் பேசிக்கொள்வோம். தமிழில் எழுத உட்கார்ந்ததும் அவருக்கு ‘நீங்க’ தானாக வந்துவிட்டது. மாற்ற மனம் வரவில்லை.

3.

இனித் தப்பு நடக்க வேண்டும். அதைச் செய்ய ஓர் ஆளை உருவாக்கினேன். பெயர் பீட்டர். குழுவில் புதியவன், அவசரக்காரன்.

அதற்கு முன் மலையைச் சொல்ல வேண்டும். மலை எப்போதும் இளஞ்சிவப்புப் பலகையில்தான். வீட்டுச் சுவருக்குள் குளிர் புகாமல் இருக்க வைப்பது. நம் ஊர்த் தெர்மோகோலுக்குப் பெரியப்பா மகன் என்று வையுங்கள். ஆனால் உதிராது, கத்திக்கு வெண்ணெயாக வழிவிடும். ஒரே ஒரு எதிரி உண்டு: ஸ்ப்ரே பெயின்ட். அதிலுள்ள திரவம் பட்டால் பலகை கரைந்துவிடும். அதனால் முதலில் வெள்ளைப் பசையைக் கனமாகப் பூசிக் காயவிட வேண்டும். பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், கீழே பலகையின் நிறம் அப்படியே தெரியும். அதன் மேல்தான் ஸ்ப்ரே.

ஆர்லன் நான்கு மாதமாக ஒரு மலை செய்தார். ஏப்ரலில் நடக்கும் மேஜைப் போர்க் கண்காட்சிக்கு. அந்தச் சனிக்கிழமை முன்சரிவுக்குச் சாம்பல் நிறம் அடித்துவிட்டு, உச்சிக்கோட்டில் நிறுத்திவிட்டு, கார்க் பட்டை வாங்கப் போனார். பின்சரிவு முழுக்கப் பாறை ஒட்டுவதாகத் திட்டம், அதனால் அங்கே பசை பூசவே இல்லை. இனி என் வரைவு:

பீட்டர் உள்ளே வந்தான். பாதி மலை சாம்பலாகவும் பாதி இளஞ்சிவப்பாகவும் இருந்தது. கிழவர் மறந்துவிட்டார் போல என்று நினைத்தான். டப்பாவைக் குலுக்கி

நம்ப முடிகிறதா உங்களால்? என்னால் முடியவில்லை. புதியவன் என்றால் பயந்து கைவைக்க மாட்டான். அனுபவம் இல்லாதவனுக்கு இந்தத் தப்பைச் செய்யத் தெரியாது. ‘இவர் எப்போதும் முழுப் பலகைக்கும் ஒரே மூச்சில் பசை பூசுவார், இதிலும் பூசியிருப்பார், காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது’ என்று நினைக்க ஒன்பது வருஷப் பழக்கம் வேண்டும். கீழ்த்தளத்துக்குச் சாவியும் வேண்டும். சாவி இரண்டே பேரிடம்தான் இருக்கிறது.

பீட்டரை வெளியே அனுப்பிவிட்டேன்.

4.

நான்தான்.

பெயின்ட் விற்கிறவள். வாரத்துக்கு நாலு பேரிடமாவது ‘தெர்மோகோலில் இதை அடிக்காதீர்கள்’ என்று சொல்கிறவள். சனிக்கிழமை மூன்று மணிக்கு வேலை முடிந்து போனேன். விளக்கு வெளிச்சத்தில் பின்சரிவு லேசாக மினுங்கியது, பசை என்று நினைத்தேன். ஆள்காட்டி விரலால் ஒரு முறை தொட்டிருந்தால் போதும், பசை வழுக்கும், பலகை சொரசொரக்கும். தொடவில்லை. திரும்பி வரும்போது மலை முழுசாக இருப்பதைப் பார்த்து அவர் ‘மோசமில்ல’ என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

சத்தமே வரவில்லை. முதலில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். பிறகு குழிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து சரிவு உள்வாங்கியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் ஒரு நிமிஷம் நான் வேடிக்கைதான் பார்த்தேன். எந்த இடம் முதலில் போகிறது, ஏன் அங்கே என்று குனிந்து பார்த்தேன்.

டப்பாவுக்கு மூடி போட்டு இருந்த இடத்தில் வைத்தேன். கதவைப் பூட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சோறு வைத்தேன்.

(இந்த இடத்தில் ஒரு நல்ல உவமை எழுதி அடித்துவிட்டேன். உவமை எனக்கு வக்காலத்து வாங்குவது போல இருந்தது.)

5.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆர்லன் கீழே இறங்கிப் பார்த்திருக்கிறார். பத்தே நிமிஷத்தில் எனக்குப் போன். நேற்று அறைக்குப் போனாயா என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. இல்லை, ஐந்து மணிவரை கடையில் இருந்தேன் என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவே இல்லை. ‘சரி’ என்றார். அன்று சாயங்காலம்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் மலையைச் சுற்றி நின்றோம். தபால் விநியோகம் செய்யும் கோலின்தான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் நாக்குக்கு எல்லோரும் பயப்படுவோம்.

"யாருய்யா இது, மலை மேல ஆசிட் ஊத்துனது?"

"நான்தான்," என்றார் ஆர்லன்.

உச்சிக்கோட்டில் நிறுத்தியதாகத்தான் தனக்கு ஞாபகம் என்றார். கையைக் கழுவியது, கதவைப் பூட்டியது எல்லாம் ஞாபகம் இருக்கிறதாம். பின்சரிவுக்கு அடித்தது மட்டும் இல்லையாம்.

"இன்னொண்ணு," என்று என்னைக் கை காட்டினார். "டப்பாவுக்கு மூடி போட்டிருந்துச்சு. நான் என்னிக்கு மூடி போட்டிருக்கேன்? இவகிட்ட எத்தனை திட்டு வாங்கியிருக்கேன். அதையும் போட்டுட்டு மறந்திருக்கேன்னா பாத்துக்கோங்க."

கோலின்கூடச் சிரிக்கவில்லை. காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆர்லனின் அப்பா, கப்பலில் இரும்புத்தாது ஏற்றும் துறையில் வேலை பார்த்தவர், எழுபத்திரண்டு வயதில் ஒரு காலையில் வீட்டுச் செருப்போடு பனியில் நடந்து துறைக்குப் போய் நின்றார். பணிநேரம் என்றார். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அதிலிருந்து நான்கு வருஷத்தில் மகனையே யாரென்று கேட்டார்.

எனக்குத் தாங்காத விஷயம் இதுதான். சந்தேகப்பட அவருக்கு இரண்டு பேர் இருந்தோம், நானும் அவரும். அவர் தன்னைச் சந்தேகப்பட்டார்.

காபி இடைவேளையில் என் நோட்டைப் பார்த்தார். நான் கதை எழுதுவது அவருக்குத் தெரியும்.

"இதுல நான் இருக்கேனா?"

"இருக்கீங்க. மலையும் இருக்கு."

"கொஞ்சம் படியேன். புரியாட்டி பரவால்ல, சத்தம் கேக்கணும்."

நான் நான்காம் பகுதியைப் படித்தேன். ஆமாம், அதையேதான். ‘நான்தான்’ என்பதிலிருந்து ‘சோறு வைத்தேன்’ வரை, தமிழில், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கோலின் எலுமிச்சைக் கேக் துண்டை மென்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

"மோசமில்ல," என்றார் ஆர்லன். "என்ன சொல்லுது?"

"பசையைப் பத்தி," என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து கீழ்த்தளத்துச் சாவியை எடுத்து என் நோட்டின் மேல் வைத்தார். இனி நிலம் செய்யப்போவதில்லை, கத்தி பிடிக்க வேண்டிய வேலை, நம்ப முடியாது என்றார். கண்காட்சிக்கு வேறு யாராவது மேஜை போடட்டும். வியாழக்கிழமை காலை மறதிக்கான மருத்துவரிடம் நேரம் வாங்கியிருப்பதாகவும் சொன்னார்.

"நீ கொண்டு விடுறியா? வண்டி ஓட்ட எனக்கே இப்ப ஒரு மாதிரியா இருக்கு."

6.

முடிவுகள் சில செய்து வைத்திருக்கிறேன்.

அ) மருத்துவர் ஒன்றுமில்லை என்கிறார். ஆர்லன் சிரிக்கிறார். நான் வாயே திறக்க வேண்டியதில்லை. (மலிவு. அதுவும் பொய். ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் அந்த மலை அவருக்குள் உருகிக்கொண்டே இருக்கும். பின்சரிவை யார் அடித்தது என்று எந்த மருத்துவர் சொல்வார்?)

ஆ) குழிவிழுந்த சரிவைக் குண்டு விழுந்த நிலமாக மாற்றி, கண்காட்சியில் பரிசு வாங்குகிறோம். தப்பு அழகாகிவிடுகிறது. (இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனால்தான் இதை நம்பவில்லை. மலைக்குப் பரிசு கிடைக்கும், மனுஷனுக்கு?)

இ) கோலின் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறாள். மூடியை வைத்து. (அவளால் முடியும். என் கடையில் ஒரு டப்பாகூட மூடியில்லாமல் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் என் வாயால் வர வேண்டியதை அவள் வாயில் திணிப்பது, பீட்டரை உருவாக்கிய அதே புத்திதான்.)

ஈ) இந்தக் கதையை யாராவது அவருக்கு மொழிபெயர்த்துச்

போதும்.

ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று இப்போதுதான் எனக்கே விளங்குகிறது. இருபத்தாறு வருஷமாகக் கடைக்கணக்கு, சண்டை, சிரிப்பு எல்லாம் ஆங்கிலத்தில்தான். இதை மட்டும் தமிழில் எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் என்ன செய்துவிடப் போகிறீர்கள்? நீங்கள் நல்லவர், ஆனால் மலை உங்களுடையது அல்ல.

7.

வியாழக்கிழமை, எட்டே முக்கால். ஆர்லன் வீட்டு வாசலில் காரில் உட்கார்ந்து, நோட்டை ஸ்டீயரிங் மேல் வைத்து எழுதுகிறேன். குளிரில் பேனா சரியாக எழுத மறுக்கிறது.

முதல் பகுதியில் அறுந்து கிடந்ததை முடித்துவிடுகிறேன்.

ஆர்லன் ஹோவ்லண்ட் தன் வாழ்நாளில் ஒரு முறைகூடப் பசை பூசாத பலகையில் ஸ்ப்ரே அடித்தது கிடையாது. போன சனிக்கிழமையும் அடிக்கவில்லை.

ஒரு மாதிரி நிம்மதியாகத்தான் இருக்கிறது, எழுதிப் பார்க்க. இந்த நிம்மதியையும் நம்பக் கூடாது.

கதவு திறந்துவிட்டது. பனியில் வழுக்காமலிருக்கப் படியில் உப்புத் தூவியிருக்கிறார், இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். போன வாரம் பிடிக்கவில்லை. கையில் ஒரு காகிதப் பை. அது கார்க் பட்டை, எனக்குத் தெரியும். இனித் தனக்கு வேண்டாம் என்று என்னிடம் கொடுக்கத்தான் எடுத்து வருகிறார்.

இருபது அடி இருக்கும். இந்தக் கதையில் இன்னும் ஒரு வரி பாக்கி. அதை அவருடைய மொழியில் சொல்ல வேண்டும், அதனால் அது இந்த நோட்டில் இருக்காது. அதைச் சொன்னேனா, இல்லை வழியெல்லாம் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனேனா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். என்னை இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறீர்கள்.

பக்கத்து இருக்கையில் கிடந்த அவருடைய கீழ்த்தளத்துச் சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். கார்க் கதவின் பூட்டைத் திறக்கிறேன்.

(பாருங்கள், அவசரத்தில் கார் கதவு என்பதற்குக் கார்க் கதவு என்று எழுதிவிட்டேன். திருத்த நேரமில்லை.)

உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இனித் தெரிய வேண்டியவர் ஒருவர்தான்.