ஓடிப்போன ஞானதாஸ்

ஜேசிபி நின்றதும் மன்சூர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. இடிந்துபோன பழைய தோல் பதனிடும் ஷாப்பின் கொல்லையில், மட்கிய ஆவாரம்பட்டைக் குப்பைக்கு அடியில், செங்கல்லால் கட்டிய கபர் ஒன்று, யாருடையதோ பழைய சமாதி, தெரிந்தது. பேர் இல்லை, ஒன்றும் இல்லை.

"எங்க குடும்பத்துப் பெரியவுக யாரோ! இனி எவனாச்சும் இந்த எடத்துல பங்கு கேட்டு வரட்டும், பாக்குறேன்!"

எவனாச்சும் என்றது, மகளோடு வாசலில் நின்ற ரொனால்டைத்தான். மகள் லிடியாவுக்குப் பொறுக்கவில்லை.

"பாதி ஷாப்பு எங்க கொள்ளுத்தாத்தாவோடது."

"களவாணிக் குடும்பத்துக்கு வாயப் பாரு! சரக்கை வித்துட்டு ஓடுனவனுக்குப் பங்கு ஒரு கேடா?"

மன்சூருக்குப் பின்னால் நின்ற முஹ்சினாவுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மன்சூர் அவளுடைய பெரியத்தா, அப்பாவின் அண்ணன். அவருடைய தாத்தா இஷாக்கும் லிடியாவின் கொள்ளுத்தாத்தா ஞானதாஸும் கூட்டாக நடத்திய ஷாப்பு இது. ஒருநாள் ஞானதாஸைக் காணோம். சரக்கோடு ஓடிவிட்டான் என்று இஷாக் ஊருக்குச் சொன்னார், ஊரும் நம்பியது. இன்றைக்கும் எட்டாம் வகுப்பில் ஒரு பேனா காணோமென்றால் முதலில் லிடியாவின் பையைத்தான் உதறுகிறார்கள். பக்கத்தில் உட்காரும் முஹ்சினாவுக்கு வயிறு எரியும். அந்தப் பழி பொய்யென்று எப்படியாவது காட்டிவிடத் துடித்தாள்.

மன்சூர் தொப்பியை மாட்டிக்கொண்டு ஃபாத்திஹா ஓதப் போனார். கபருக்கு இந்தப் பக்கம் நின்றார், சரிப்படவில்லை. அந்தப் பக்கம் போனார், அதுவும் சரிப்படவில்லை. கபர்ஸ்தானில் கண்ணை மூடிக்கொண்டே சரியான பக்கத்தில் போய் நிற்கிற மனுஷர்! முஹ்சினா கபரைப் பார்த்தாள், ஷாப்பில் மேற்கைக் காட்டி நிற்கும் தொழுகைச் சுவரைப் பார்த்தாள். அவளுக்குத் திக்கென்றது.

"பெரியத்தா, நம்ம மையித்தை வடக்க தலை வச்சு, மேக்க பாக்கத்தான படுக்க வப்போம்? இது கிழக்கு மேக்கால்ல கெடக்கு."

"அந்தக் காலத்துல தெசை தெரியாம வச்சிருப்பாக. போ உள்ள!"

"இந்தா, தொழுகைச் சுவரு பக்கத்துலயே நிக்கிது. தெனம் தொழுதவுகளுக்கா தெசை தெரியாது?"

மன்சூரின் முகம் கறுத்தது. ரொனால்டு விறுவிறுவென்று உள்ளே வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

"எங்க கல்லறைத் தோட்டத்துல எல்லாம் இப்படிக் கிழக்கு மேக்காத்தான் கெடக்கும்," என்றார்.

"லிடியா, அவரு எங்கயும் ஓடல," என்றாள் முஹ்சினா. "இங்கதான் கெடந்திருக்காரு."

"வாய மூடு, நாயே!" பளாரென்று விழுந்தது அறை. மன்சூர் ஜேசிபிக்காரரிடம் திரும்பினார். "மண்ணத் தள்ளுய்யா! மூடு இதை!"

"மூடுனா போலீசைக் கூட்டியாருவேன்!" என்று ரொனால்டு கத்தினார். வண்டி உறுமியது. லிடியா குழிக்குள் குதித்து, செங்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

முஹ்சினாவும் குதித்தாள்.

"ஏய், மேல வா! வரல, நீ எங்க வீட்டுப் பிள்ளையே இல்ல!" என்று மன்சூர் கத்தினார்.

கன்னம் எரிந்தது. முஹ்சினா லிடியாவை ஒட்டி நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.