எங்கள் காலடிச் சத்தம்

சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் உள்ள ஏழாயிரம்பண்ணையில், பள்ளிக்கூட ஹாலில் ஜெஸ்லின் விரித்திருந்த கம்பளத்தில் யார் கால் வைத்தாலும் சுவரோர ஸ்பீக்கர்களில் ஒரு சத்தம் எழும்பும். ஒருவர் நடந்தால் ஆட்டுமணி. நாலு பேர் நடந்தால் அச்சு மெஷினின் ஓட்டம். கால்கள் கூடக்கூட, வேகம் ஏற ஏற, சத்தமும் கனத்துக்கொண்டே போகும். சாத்தூர்க்காரியான அவள் சென்னையில் ஒலிப்பதிவு படித்தவள். ஊர் ஊராக அலைந்து சேர்த்த சத்தங்களை ஊர்க்காரர்கள் கையில், இல்லை, காலில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. தானும் நண்பன் பிராங்க்ளினும் மட்டும் நடந்து பார்த்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் ஹால் நிறைந்துவிட்டது. முதலில் சிரிப்பும் கும்மாளமும்தான். பிறகு கூட்டத்தில் சிலர் கைகோத்துக்கொண்டு ஒரே நேரத்தில் குதித்தார்கள்.

தும்மென்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"ஆத்தாடி, வெடிச்சிருச்சு!" என்று யாரோ அலறினார்கள்.

எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். ஓடிய ஒவ்வொரு காலும் கம்பளத்தில் விழுந்தது. தும், தும் என்று அடுத்தடுத்து வெடித்தது. அதைக் கேட்டு இன்னும் வேகமாக ஓடினார்கள்.

"உங்க காலுதான்! நில்லுங்க! ஓடாதீங்க!" என்று ஜெஸ்லின் கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை. பிராங்க்ளின் சுவரோரமாக நெருக்கியடித்துப் போய் மெயின் சுவிட்சை அணைத்தான்.

சத்தம் நின்றது. வெளியே எல்லோரும் கழுத்தை உயர்த்தி நாலா திசையிலும் புகையைத் தேடினார்கள். புகை இல்லை. கீழே விழுந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று.

செல்லத்தாய் மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் புருஷன் மாரீஸ்வரன் ஊருக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவன்.

"அக்கா, அது எங்க ஸ்பீக்கர்ல வந்த சத்தம். வேற ஒண்ணுமில்ல," என்றாள் ஜெஸ்லின்.

"எல்லாமே உங்க பொட்டியில இருந்துதான் வந்துச்சுன்னு எப்பிடிச் சொல்றீக? மொத சத்தத்துக்குச் சன்னலு ஆடுச்சே!"

ஜெஸ்லின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை பேர் ஒன்றாகக் குதித்தால் என்ன சத்தம் வரும் என்று அவள் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் வெளியேயும் ஒன்று வெடித்திருந்தால்?

"கம்பெனி வாசல்லயே போனை வாங்கி வச்சிருவாக. ஆபீஸ் போனும் கெடைக்க மாட்டேங்குது."

"ஏறுங்க அக்கா," என்று ஜெஸ்லின் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

ஸ்கூட்டர் கருவேலங்காட்டு வழியே பறந்தது. தோளைப் பிடித்திருந்த செல்லத்தாயின் விரல்கள் இறுகிக்கொண்டே வந்தன. எதிரே வந்த கம்பெனி வேனில் யாரும் பதறவில்லை என்று ஜெஸ்லின் மனதைத் தேற்றிக்கொண்டாள். காயம்பட்டவர்களை வேனிலா ஏற்றிவருவார்கள் என்று அடுத்த நொடியே தோன்றியது.

கம்பெனி கேட்டில், வெடிச் செய்தி கேட்டு வந்த வேறு பெண்களும் நின்றார்கள். "இங்கன ஒண்ணுமில்ல தாயி, சொன்னா நம்புங்க," என்று காவல்காரர் மன்றாடிக்கொண்டிருந்தார். ஒருத்தியும் நகரவில்லை. கடைசியில் வேலையாட்களை வெளியே அனுப்பினார்கள்.

முழங்கைவரை வெள்ளி நிற மருந்துப்பொடி அப்பியிருக்க மாரீஸ்வரன் வந்தான். "என்னாச்சு? இம்புட்டுக் கூட்டம்?"

செல்லத்தாய் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"மன்னிச்சிருங்க அக்கா," என்றாள் ஜெஸ்லின்.

"மன்னிக்கிறது கெடக்கட்டும். நாங்க பயந்து ஓடுனா பெருசாகுற சத்தம் எதுக்கு எங்களுக்கு?"

சாயங்காலம் ஜெஸ்லினும் பிராங்க்ளினும் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினார்கள். கனத்த சத்தங்களை எடுத்துவிட்டார்கள். ஓடினால் ஒலி அடங்கும். எல்லோரும் நின்றால்தான் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. வந்தவர்கள் மிகக் குறைவு. வந்தவர்களும் செருப்பைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றார்கள். மாரீஸ்வரன்தான் முதலில் கம்பளத்தில் ஏறி நடந்தான்.

"சத்தமே வரலையே?"

"நில்லுங்கண்ணே," என்றாள் ஜெஸ்லின்.

அவன் நின்றான். கொஞ்சம் கழித்து, எங்கோ தூரத்தில் மந்தை திரும்புவதுபோல் ஆட்டுமணிகள் கேட்டன. மாரீஸ்வரன் அசையாமல் மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

செல்லத்தாய் மணியோசையை வாசற்படியில் நின்றே கேட்டாள். உள்ளே வரவில்லை.