சானிகாவில் இறங்காதவர்கள்

காலை ஐந்தரைக்கு ம்பாவோ நிறுத்தத்தில், சானிகா போகும் டாலாடாலா வேனில் பதினாறு பேர் ஏறினார்கள். கடைசி நிறுத்தமான சானிகாவில் இறங்கியவர்கள் இருவர். நான் எண்ணிய மூன்று நாளும் ஏறக்குறைய இதே கணக்கு.

ஏறுவோரையும் இறங்குவோரையும் எண்ணி, யாரும் பார்க்கும்படி இணையத்தில் போடுவதுதான் மாலை வகுப்பில் எங்களுக்குத் தந்த வேலை. சானிகாவில் வேன் நிற்கும் முன்பே வெளிக்கூட்டம் முண்டியடித்து ஏறும். முதல் ஆளாகக் குதித்துவிடும் நான், அந்த நெரிசலில் எண்ணத் தவறியிருப்பேன் என்று நினைத்தேன். அட்டவணையில் ம்பாவோவுக்கான வரிசைகளை அழித்தேன்.

வெள்ளிக்கிழமை நகராட்சி எங்கள் தரவை வைத்து நிறுத்தங்களின் வரைவுப் பட்டியலை வெளியிட்டது. சானிகா திசையில் ம்பாவோ இல்லை. காரணம்: பயணிகள் இல்லை. ஆட்சேபம் சொல்லத் திங்கள் மாலை கடைசி.

திங்கள் காலை மறுபடி ஏறினேன். சானிகாவில் குதிக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஊன்றுகோலோடு பக்கத்தில் இருந்த பெண்ணும் அசையவில்லை.

"இறங்கலையாக்கா?"

"எதுக்கு? நான் திருப்புற ஆளு."

"அப்படின்னா?"

இத்தனை நாளில் பழகிவிட்ட நடத்துநர் மசூடி சிரித்தான். "டவுன் நடுவுல, காரியாகோவுல நடந்தே வேலைக்குப் போறவனுக்கு என்ன தெரியும்? வண்டி டவுனுக்குத் திரும்பி ம்பாவோ வர்றப்போ தொங்கக்கூட இடமிருக்காது தம்பி. அதான் எதிர்ப்பக்கம் ஏறி, உக்காந்தபடியே திரும்புறாங்க. ரெண்டு டிக்கெட்டு."

"இந்தக் கால வச்சுக்கிட்டு ஒண்ணரை மணி நேரம் நிக்க முடியாது. ஆஸ்பத்திரி வேலையே இந்த சீட்டாலதான் ஓடுது" என்றாள் அவள். பெயர் ஸுஹுரா.

"அந்த நிறுத்தத்தை எடுக்கப் போறாங்கக்கா."

"யாரு சொன்னா?"

"என் கணக்கு."

"அதுல நான் எங்க?"

"அழிச்சிட்டேன்."

"திரும்ப எழுது. ஸுஹுரா. பேரைத் தப்பா எழுதாத."

"பேரெல்லாம் அதுல வராதுக்கா."

"அப்ப ஆளாவது வரட்டும்."

மாலை நான்கு பத்துக்குள் எல்லா வரிசைகளையும் மீட்டு, 'இறங்காமல் திரும்பியவர்கள்' என்று ஒரு கட்டம் சேர்த்து, ஆட்சேபத்தோடு அனுப்பினேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

புதன்கிழமை இறுதிப் பட்டியலில் ம்பாவோ இருந்தது.

வியாழன் காலை ம்பாவோவில் சாலையின் மறுபக்கத்தில் நின்று எண்ணினேன். காரியாகோ போகும் வேன்கள் நிரம்பி வழிந்து நிற்காமல் போயின. இரண்டு டிக்கெட் வாங்க வழியில்லாமல் அங்கேயே நின்றவர்கள் இருபத்திரண்டு பேர். ஏறாதவர்களுக்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை.