இரண்டுக்கும் நடுவே ஒரு தோட்டா

அமெரிக்காவின் வயோமிங்கில் எல்க் மான் வேட்டைக்காலம் நெருங்கியிருந்தது. வெண்டலின் துப்பாக்கிக் கடையில் தோட்டா வகைகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவன் அக்கா மார்னி, புதிதாக வந்த இடைப்பட்ட அளவையே கேட்டாள்.

“பெருசும் இருக்கு, சிறுசும் இருக்கு. நடுவுல இது யாருக்குக்கா?”

“பெருசு தோள உடைக்குது. சிறுச நம்பிச் சுட்டா எல்க் காயத்தோட காட்டுக்குள்ள ஓடிடும். எனக்குத்தான்டா!”

பெரிய தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதைக்கு அஞ்சி, விசையை இழுக்கும்போதே அவள் உடல் தானாகத் துள்ளிக் குறி தவறத் தொடங்கியிருந்தது. அது நீங்காவிடில் இவ்வாண்டு வேட்டையில்லை என்று அவளே முடிவுசெய்திருந்தாள்.

சுடுகளத்தில் வெண்டல், அந்த இடைப்பட்ட தோட்டாவுக்கான துப்பாக்கியில் அவளறியாமல் வெடிக்காத போலித் தோட்டா ஒன்றையும் சேர்த்து நிரப்பினான். வெடியும் உதையும் இல்லாதபோதும் குழல் ஆடினால், உடலின் அச்சத்தை அது காட்டிக்கொடுத்துவிடும். முதலிரண்டும் வெடித்தன, மூன்றாவது ‘டிக்’ என்றது. குழல்முனை மயிரிழையும் அசையவில்லை.

“போலியப் போட்டியாடா, திருட்டுப்பயலே?”

சுட்டு விழுந்த பித்தளைக் கூட்டை எடுத்து, வெண்டல் வியப்போடு உருட்டிப் பார்த்தான்.

“சந்தைக்கு இது வேணுமான்னு இன்னும் தெரியலக்கா. உனக்கு வேணும். போய் வேட்டைக்குக் கூடாரத்த எடுத்து வை.”