உம் கொட்ட ஓர் ஆள்

“உங்கம்மா சம்மதம்னு சொல்லியிருக்காங்களேம்மா” என்றாள் ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்தவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. “தேதியை மாத்திக்கலாமான்னு கேட்டிருக்கு. சரின்னு பதிவாகியிருக்கு. அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு.”

மூத்த மகள் பெரியவளுக்குச் சுர்ரென்று தலைக்கேறியது. கையில் மாற்றுத் துணிப் பை. பக்கத்தில் அம்மா, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் கழுத்தில் கட்டி. அது உள்பக்கமாக வளர்ந்து மூச்சுக்குழாயை அமுக்குகிறது, தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் காகிதத்தில் படம் போட்டே காட்டியிருந்தார். அம்மா நீட்டிப் படுத்துத் தூங்கி மாதக்கணக்காகிறது. படுத்தால் மூச்சு இழுக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள். அப்படிப்பட்டவள் ஆபரேஷனைத் தள்ளிப் போடச் சம்மதித்தாளாம்.

“நீயாம்மா சொன்ன?”

“நான் எங்கடி சொன்னேன்? அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சு. அது பாட்டுக்குப் பேசிச்சு. நான் பாட்டுக்கு உம் கொட்டிட்டு இருந்தேன்.”

அம்மா சொல்லும் அந்தப் பொண்ணு பொண்ணே இல்லை. நோயாளிகளைக் கூப்பிட்டுப் பேச ஆஸ்பத்திரி வைத்திருக்கும் இயந்திரக் குரல். கவுண்டர்க்காரி நல்லவள்தான் போலிருக்கிறது. “வேணும்னா கேட்டுக்குங்க” என்று பதிவை ஓடவிட்டாள்.

முதலில் நீராவி இரைச்சல் வந்தது. அம்மாவுக்குச் சலவை நிலையத்தில் வேலை. விடுதிகளிலிருந்து வந்து குவியும் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளையில் கொடுத்து எடுத்து மடித்து அடுக்க வேண்டும். இரைச்சலுக்கு நடுவில் குரல், தேன் தடவினாற்போல: “வணக்கம் அம்மா. உங்கள் அறுவை சிகிச்சை பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.” “ம்.” “அதே நாளுக்கு இன்னொருவரும் காத்திருக்கிறார்.” “ம்.” “உங்கள் தேதியை மாற்றிக்கொள்ளச் சம்மதமா?” “ம்ம்?” அந்த ம் மேலே ஏறி, அப்புறம் என்ன என்று எட்டிப் பார்த்தபடி நின்றது. “நன்றி அம்மா. உங்கள் சம்மதம் பதிவானது.” மறுபடி இரைச்சல். அதற்குள்ளிருந்து அம்மா: “ஹலோ? ஹலோ? சொல்லும்மா... வச்சிருச்சா?”

பெரியவள் கத்தினாள். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். ஒரு மனுஷி உட்கார்ந்து கேட்டிருந்தால் இப்படி ஆகுமா, வாயில்லாப் பூச்சி என்றால் மெஷினை விட்டு ஏய்ப்பீர்களா என்றெல்லாம். கவுண்டர்க்காரி அவள் மூச்சு வாங்கும் வரை பொறுத்திருந்தாள்.

“நீங்க கத்துறதுல தப்பில்லம்மா. ஆனா இந்த மெஷின் வந்து தேதி போடறதுக்கு முன்னாடி நான் இங்க உக்காந்து என்ன பண்ணேன் தெரியுமா? பெரிய டாக்டரோட மச்சான் அனுப்பின ஆளு, கட்சிக்காரர் அனுப்பின ஆளுன்னு பாத்துப் பாத்துத் தேதி போட்டேன். யாரையும் தெரியாதவங்க இந்த வராந்தாவிலயே கிடந்தாங்க. இதுக்கு யாரையும் தெரியாது. உங்கம்மாவுக்கு எந்தச் சிபாரிசும் இல்லாம முதல்ல ஒரு தேதி எப்படிக் கிடைச்சுதுன்னு நினைக்கிறீங்க?”

பெரியவள் துணிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“மறுபடி வரிசையில போட்டிருக்கேன். காலி வந்தா கூப்பிடும்.”

“யாரு கூப்பிடுவா?”

“அதுதான்.”

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு நிறுத்தங்கள் தாண்டின. பிறகு, “அந்தப் பொண்ணத் திட்டாதடி” என்றாள். “மறுபடி கேட்டா மறுபடி சொல்லுது. காது கேக்கலையா, எத்தனை தடவை சொல்றதுன்னு எரிஞ்சு விழல. நீ ஒரு பேப்பரைப் படிச்சுச் சொல்றதுக்குள்ள எத்தனை தடவ உச்சுக் கொட்டற?”

பெரியவள் அப்போதுகூட உச்சுக் கொட்டத்தான் போனாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அம்மாவிடம் சொல்லாத ஒன்று இருந்தது. சொன்னாலும் அம்மாவுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தக் குரலுக்குக் காது வைத்துக் கொடுத்த கம்பெனியில்தான் பெரியவளுக்கு வேலை. வீட்டில் முதல் பட்டதாரி. ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று அம்மா சலவை நிலையம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். வேலை என்னவென்றால், குளிரூட்டிய ஒரு கூடத்தில் காதுமாட்டியை மாட்டிக்கொண்டு முகம் தெரியாதவர்களின் பதில்களைக் கேட்பது. கேட்டுவிட்டு மூன்று பொத்தான்களில் ஒன்றை அமுக்குவது: ஆம், இல்லை, தெளிவில்லை. இப்படி ஆயிரமாயிரம் பேர் அமுக்கியதைப் பார்த்துத்தான் இயந்திரம் மனிதப் பேச்சைக் கற்றுக்கொள்கிறது. ‘ம்’ வந்தால் ‘ஆம்’ என்பது அங்கே விதி.

மறுநாள் அவள் நேராக டீம் லீடரிடம் போய் நின்றாள். அவருக்கு ஆபீஸில் ‘ஓகே சார்’ என்று பெயர். வேலையை விடுகிறேன் என்று போய் நின்றாலும் முதலில் ஓகே என்றுதான் சொல்வார்.

“ம்-னா ஆம்-னு எந்த மடையன் சார் ரூல் போட்டது?”

“ஓகே, ஓகே. உக்காரு. நாமதான் போட்டோம்.”

“நாமன்னா?”

அவர் சண்டை போடவில்லை. பழைய மீட்டிங் பதிவு ஒன்றைத் தேடி எடுத்து அவளிடம் காதுமாட்டியை நீட்டினார். அதில் ஓகே சாரின் குரல்: “தெளிவில்லைங்கற பக்கம் நிரம்பி வழியுதுன்னு மேல சத்தம் போடறாங்க. ம் எல்லாத்தையும் ஆம்-ல போட்டுடலாம். எல்லாருக்கும் சம்மதமா?” மேசையைச் சுற்றிலும் ம், ம் என்று சத்தங்கள். கடைசியாக ஒன்று, கொஞ்சம் சலிப்போடு. அது அவளுடையது.

“நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன் சார்!”

“எனக்குச் சரின்னு கேட்டுச்சேம்மா.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது ஓகே சார். அவளுக்குச் சிரிக்க இஷ்டமே இல்லை. ஆனாலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் அழுகையும் வரப் பார்த்தது. அம்மாவின் விஷயத்தை அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் ஓகே சொல்லவில்லை. பிறகு, “சரி, நீயே பிரிச்சுக் கொடு, நான் மேல பேசறேன்” என்றார். “மொத்தம் எத்தனை வகை ம் இருக்கும்?”

சண்டைக்கென்று போனவள் இந்தக் கேள்வியோடு திரும்பினாள். அது அவளைச் சும்மா இருக்க விடவில்லை. பஸ்ஸில், மாடிப்படியில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என்று போகிற இடமெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தாள். ஆம் என்கிற ம் குட்டையானது, கீழே இறங்கி உட்கார்ந்துவிடும். மேலே சொல்லு என்கிற ம் தட்டையாக நீண்டு கதவைத் திறந்தே வைத்திருக்கும். இல்லை என்பதற்கு ம்ஹும். கிழித்தாய் போ என்பதற்கு ம்க்கும். கிளம்பு, நேரமாச்சு என்பதற்கு ஒரு ம். அதில் அதட்டல் இருக்கும். நீ சொல்வதை நான் நம்பவில்லை, ஆனால் சண்டை போட இப்போது தெம்பில்லை என்பதற்கும் ஒன்று உண்டு. மனைவிகளிடம் அது ஏராளமாக இருந்தது. வாயைத் திறக்காமலே, உதட்டைக்கூடப் பிரிக்காமலே ஜனங்கள் இத்தனையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிறந்ததிலிருந்து கேட்டு வருகிற மொழி, பட்டமும் வாங்கியாயிற்று, இத்தனை நாள் இதை எப்படிக் கவனிக்காமல் போனோம் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

எல்லா ம்-மையும் ஒரே இடத்தில் வைத்திருந்தவள் அம்மா. பெரியவள் அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்தாள்.

“என் ம்-ம வச்சு என்னடி பண்ணப் போற? ஊறுகா போடப் போறியா?”

“போன்ல பேசற அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கப் போறேன். இனிமே யாரையும் தப்பா எடுத்துக்காது.”

“அதுக்கு நீதான் வாத்தியாரா?” அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்துச் சொல்லிக் குடு. அடிச்சுக் கிடிச்சு வச்சிராத.”

சாயங்காலங்களில் பெரியவள் ஆபீஸ் கதை சொல்வாள், அம்மா சுவரில் சாய்ந்து உம் கொட்டுவாள், இடையில் போன் பதிவு செய்துகொண்டிருக்கும். பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் பெரியவளுக்கு ஒன்று உறைத்தது. அதில் அவளுடைய பேச்சுதான் வரிவரியாக ஓடியது. அம்மாவிடமிருந்து ம் மட்டும். அம்மா ஏதாவது சொல்ல ஆரம்பித்த இடங்களும் அங்கங்கே இருந்தன. “இன்னைக்கு டாக்டர்...” என்று ஒரு இடம். “அது கெடக்கட்டும், இதைக் கேளு” என்று பெரியவளின் குரல் உடனே மேலே ஏறியிருந்தது. அந்த இடத்தை மட்டும் அன்று அவள் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. ம் எத்தனை வகை என்பதில்தான் கவனம்.

கம்பெனிக்கு ஒரே கொண்டாட்டம். புதிய பொத்தான்கள் வந்தன. கேட்கிறேன் என்கிற ம்-முக்குத் தனி இடம் வந்தது. அதோடு மேலே இருப்பவர்கள் நிறுத்தவில்லை. இவ்வளவு தெரிந்துகொண்ட இயந்திரம் தானே உம் கொட்டினால் என்ன என்று யாருக்கோ தோன்றிவிட்டது. பேசுகிறவர் சற்று நிறுத்தும் இடத்தில் அந்தப் பெண்குரல் இனி ‘ம்’ என்று சொல்லும். எங்கே, எவ்வளவு நீளத்துக்கு என்பதை அம்மாவின் பதிவுகளிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள்.

“முதல்ல என் வீட்டுக்காரருக்கு இதைப் பொருத்துங்க” என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பேசறேன், போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கார். ஒரு ம் வரல.” கூடமே சிரித்தது. ம்-மைப் பிரிப்பதையும் இயந்திரமே பழகிக்கொண்டதால் பின்வரிசை ஆட்களை வேறு வேலைக்கு மாற்றப் போவதாக அதே வாரம் பேச்சு கிளம்பியது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தபாடில்லை. அம்மாவின் மூச்சில் இப்போது பகலிலேயே ஒரு விசில் சத்தம் கேட்டது. மாடி ஏறினால் நடுப்படியில் நின்றுவிடுவாள். பெரியவள் தினமும் படித்துப் படித்துச் சொன்னாள்: “அது கூப்பிட்டா வாயைத் திறந்து ஆமான்னு சொல்லு. என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லு. உம் கொட்டாத. புரிஞ்சுதா?”

“ம்” என்பாள் அம்மா.

விடுமுறை நாளன்று பெரியவள் மாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தபோது அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அம்மா பேசிக்கொண்டிருந்தாள். போன் மடியில், சத்தமாகப் பேசும்படி வைக்கப்பட்டிருந்தது.

“அறுவை சிகிச்சைக்கு முன்னால் உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா அம்மா?” என்றது ஆஸ்பத்திரிக் குரல்.

“கேக்கணும்னா... டாக்டர் ஒண்ணு சொன்னாரும்மா. கட்டிக்குப் பக்கத்துலயே குரல் நரம்பு போகுதாம். அதுல பட்டுட்டா குரல் போனாலும் போயிடுமாம்.”

“ம்” என்றது குரல். அவசரப்படாமல், சரியான இடத்தில்.

“என் பொண்ணுகிட்ட சொல்லல. சொல்லலாம்னுதான் ரெண்டு மூணு தடவ வாயெடுத்தேன். அவ கோவக்காரி. டாக்டர்கிட்டயே சண்டைக்குப் போயிடுவா.”

“ம்.”

“சலவைக்கடையில அந்த இரைச்சல்ல குரல் இருந்தா என்ன, போனா என்ன, கைய ஆட்டிக் கூப்பிட்டுக்கலாம். ஆனா சாயங்காலம் அவ வந்து கதை சொல்லுவா பாரு. அவளுக்குச் சொல்றதுக்கு வேற யாரு இருக்கா? குரல் போனா உம் கொட்டக்கூட வராதாம்மா?”

“ம்...” என்றது குரல், நீளமாக. பெரியவளின் கையில் துணிகள் சரிந்தன. அது அம்மாவின் ம். பெரியவளின் கதைக்கு அம்மா கொட்டிய உம்தான் பெண்குரலில் அம்மாவுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. “உங்கள் கேள்வியை டாக்டரிடம் சேர்த்துவிடுகிறேன் அம்மா. அவர் உங்களோடு பேசுவார். ஒரு நல்ல செய்தி. நாளை மறுநாள் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. அன்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சம்மதமா?”

பெரியவள் கதவில் கை வைத்தாள். ஆமான்னு சொல்லும்மா என்று கத்தப் போனாள். கத்தவில்லை. இந்தக் கேள்வி அம்மாவைக் கேட்ட கேள்வி. நடுவில் புகுந்து யார் பதில் சொன்னாலும் அது அம்மாவின் பதில் ஆகாது.

“ம்” என்றாள் அம்மா.

மேலே தொடங்கி, கீழே இறங்கப் பார்த்து, பாதியில் பிசிறி, எங்கும் போய் உட்காராமல் நின்றது அது. பெரியவள் அதை மனதுக்குள் ஒருமுறை ஓடவிட்டாள். இன்னொரு முறை ஓடவிட்டாள். அவள் பிரித்து வைத்த எந்த வகையிலும் அது சேரவில்லை.

குரல் நன்றி சொல்லவில்லை. பதிவானது என்றும் சொல்லவில்லை; இன்னொரு பதிலுக்குக் காத்திருந்தது. போன் திரையில் நொடிகள் மட்டும் நகர்ந்தன. அம்மா சுவரில் சாய்ந்தபடி, போனைத் தூங்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை கழுத்தில் இருந்தது. அவள் எச்சில் விழுங்கினாள். உள்ளங்கைக்கு அடியில் கட்டி ஒருமுறை மேலே ஏறி, இறங்கியது.