மேல்மாடியில் ஒரு காலி இடம்

அக்டோபர் 18, புதன்

நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை. ஹால்வர்சன் மிஸ் "முடியாது" என்று சொன்னதாக எழுதியிருந்தேன். அவர் சொன்னது "வழக்கமில்லை" என்றுதான். கோபத்தோடு எழுதினால் எனக்கு இப்படி ஆகிவிடுகிறது. திருத்திவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கு வாசல் ஒன்று, உள்ளே பள்ளிகள் இரண்டு. மேல்மாடி மேக்னெட் எனும் சிறப்புப் பள்ளி. எட்டாம் வகுப்பிலேயே தேர்வு வைத்து எடுத்த பிள்ளைகள் டாம்பா நகரின் நாலு மூலையிலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்குத் தனி ஆசிரியர்கள், தனி ஆய்வுக்கூடம், சின்னம் தைத்த நீலச் சட்டை. கீழ்மாடி, சுற்றுத் தெருக்களிலிருந்து நடந்து வரும் எங்களுக்கு. சாப்பாட்டுக்கூடமும் மைதானமும் பொது. எட்டாம் வகுப்பில் அப்படி ஒரு தேர்வு இருந்ததே எனக்குத் தெரியாது.

கீழே கால்குலஸ் கிடையாது. அது இல்லாமல் பொறியியலுக்கு விண்ணப்பித்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? செவ்வாய், வியாழன் மாலைகளில் சமுதாயக் கல்லூரிக்குப் போய் அதற்கு முந்தைய பாடத்தைப் படித்து வருகிறேன். கால்குலஸ் அங்கே பகலில்தான் நடக்கிறது. ஆனால் மேலே, கால்குலஸ் வகுப்பில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. முதல் பருவம் முடிவதற்குள் பாரம் தாங்காமல் சிலர் தங்கள் பகுதிப் பள்ளிக்கே திரும்பிவிடுவது ஆண்டுதோறும் நடப்பதுதான். அப்படிக் காலியாகும் இடத்துக்கு இதே பள்ளியின் எந்த மாணவரும் தகுதித்தேர்வு எழுதலாம் என்பது விதி. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு யாரும் வகுப்பு மாற முடியாது. தேர்வை நடத்த வேண்டியவர், மேக்னெட்டைக் கவனிக்கும் ஹால்வர்சன் மிஸ். எனக்கு அதை வைக்கச் சொல்லிக் கேட்டதற்குத்தான் நேற்று அந்த "வழக்கமில்லை".

இன்று மாலை மேக்னெட்டைப் பார்க்கப் பெற்றோர்கள் வரும் நாள். சுற்றிக் காட்டுவது எப்போதும் நீலச் சட்டைக்காரர்களின் வேலை. ஆனால் பள்ளி பஸ் மாலையில் ஓடாது. அவர்கள் வீடெல்லாம் தொலைவில், மழையோ கொட்டியது. யாரும் வரவில்லை. பள்ளியில் மிச்சமிருந்தவர்கள், பேண்டு வாத்தியப் பயிற்சி முடித்து மழைக்கு ஒதுங்கி நின்ற நானும் என் சித்தி மகள் ஜமேராவும்தான். ஹால்வர்சன் மிஸ் எங்களிடம் வந்து, கொஞ்சம் உதவ முடியுமா என்று கேட்டு, மடித்த நீலச் சட்டைகள் இரண்டை நீட்டினார்.

ஜமேரா உடனே மாட்டிக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் பார்த்தாள். "ஏய் லட்ரீஸ், எனக்கு மூளை வந்துருச்சுடி. இப்பவே ராக்கெட் விடலாம் போல."

நான் சட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏம்மா, சைஸ் சரியில்லையா?"

"சைஸ் சரிதான் மிஸ். மேல எனக்கு வகுப்பு இல்லயே. கூட்டிட்டுப் போறேன், இந்தச் சட்டையோடயே போறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் விருந்தினர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டேனோ என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

முன் படியில் ஏறி, ஆய்வுக்கூடங்களைக் காட்டி, ஜிம் பக்கமாக இறக்கிக் கூட்டி வரச் சொல்லியிருந்தார். அந்த வழியில் எங்கள் தாழ்வாரம் வராது. நான் ஜிம் பக்கம் திரும்பாமல் எங்கள் தாழ்வாரம் வழியாகவே கூட்டி வந்தேன். ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி இருந்தது. மகளோடு வந்த ஒரு தகப்பனார், இங்கே யார் படிக்கிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன். என் சாம்பல் நிற வாத்தியக்குழுச் சட்டையை அப்போதுதான் கவனித்தார்.

கடைசியில் எல்லோரும் நூலகத்தில் கூடினார்கள். நடுவில் ஒரு பிள்ளை விலகினால் அந்த இடம் என்ன ஆகும் என்று அதே தகப்பனார் கேட்டார். தகுதியுள்ள பிள்ளைக்குப் போகும், இந்தப் பள்ளியிலேயே படிப்பவர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு என்றார் ஹால்வர்சன் மிஸ், சிரித்த முகத்தோடு.

நான் பின்வரிசையில் நின்று கையைத் தூக்கினேன்.

"அப்ப எனக்கு எப்ப தேர்வு மிஸ்? கால்குலஸ்ல ஒரு எடம் காலியா இருக்கு. வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிரும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாம்மா" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். "இத நீ என்கிட்ட தனியா கேட்டிருக்கலாம்."

"மூணு தடவ தனியாத்தான் கேட்டேன் மிஸ்."

அவர் விளக்கை அணைக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது ஜமேரா சீண்டிக்கொண்டே வந்தாள். "ஃபெயிலானா என்னடி பண்ணுவ? மாடி முழுக்கச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இப்ப மட்டும் எனக்காக யாரும் அழுதுட்டா இருக்காங்க?"

ஃபெயிலாகலாம். திரிகோணமிதியில் நான் இன்னும் தடுமாறுகிறேன், போன வாரத் தேர்விலும் இரண்டு கணக்குகளை விட்டுவிட்டேன். எழுதிப் பார்த்துத் தோற்றால் தோற்கிறேன். வழக்கமில்லை என்ற சொல்லுக்குத் தோற்க மாட்டேன்.

நாளை: ஐந்து மணிக்கு எழுந்து திரிகோணமிதிச் சமன்பாடுகளை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். ஏழு மணிக்கு மேல்மாடி. முன் படி வழியாக.