எண்பத்தைந்து பவுண்டு

அந்த ஆறு வாரத்தில் நான் பத்தொன்பது பவுண்டு கூடினேன். பெண்டாட்டி வாயில் புற்றோடு இருக்கும்போது புருஷன் பெருத்தால் தெரு என்ன பேசும் என்று விளக்க வேண்டியதில்லை. சிதம்பரம் கீழ சன்னதியில் என் காதுபடவே பேசினார்கள். பூக்காரி தங்கம்மாள் மட்டும் நேரில் கேட்டாள்.

“ஏன் சாமி, அவுங்களுக்கு வர்ற பழத்தையெல்லாம் நீங்கதான் முழுங்குறீங்களா?”

அவள் கேட்டதில் பாதி உண்மைதான்.

1944ஆம் வருஷம். அதற்கு முன் பதினேழு வருஷம் கடலூர் ஜங்ஷனில் தந்தி சிக்னலராக இருந்தேன். பெரும்பாலும் இரவு ஷிப்ட். மாலை ஆறு மணிக்குக் கேரியரோடு போவேன், காலை ஆறுக்குத் திரும்புவேன். நள்ளிரவில் மெயில் போன பிறகுதான் கேரியரைத் திறக்க நேரம் கிடைக்கும். குவார்ட்டர்ஸில் என் மனைவி அபயாம்பாள் அந்த மெயிலின் சத்தத்துக்காகக் காத்திருப்பாள். வண்டி போனால் நான் சாப்பிட்டாயிற்று என்று கணக்கு. அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிடுவாள். இது எனக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் ஆம்பிளை சாப்பிட்ட பிறகுதானே என்று இருந்துவிட்டேன்.

மதராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் கேட்டார்.

“புகையிலை எத்தனை வருஷமா போடுறேம்மா?”

“பதினஞ்சு இருக்கும்.”

“எதுக்கு ஆரம்பிச்சே?”

“பசி தெரியாம இருக்கும்னு.”

அவர் எழுதிக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இடது கன்னத்துக்குள் இருந்தது புற்று. மூன்று வாரம் எக்ஸ்ரே மெஷினில் கரண்ட் வைத்தார்கள். அந்த மெஷின் கட்டியைக் கரைத்தது, கூடவே வாயையும் வேகவைத்தது. உள்ளே தோல் உரிந்து புண்ணாயிற்று. எச்சில் வற்றிவிட்டது. ருசி போய்விட்டது. சர்க்கரையும் மண்ணும் ஒன்றுதான் என்றாள். ஆறு வாரம் கழித்து இரண்டாவது தடவை கரண்ட் வைக்க வேண்டும். “எண்பத்தஞ்சு பவுண்டுக்குக் கொறஞ்சா வைக்க மாட்டோம். ஒடம்பு தாங்காது. வைக்கலேன்னா திரும்ப வந்துடும்” என்றார் டாக்டர். அன்றைக்கு அவள் எண்பத்திரண்டு இருந்தாள்.

ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். இரண்டு மணிக்கு ஒரு தரம் சாப்பிட வேண்டும். பசிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பசி வராது. பால், வெண்ணெய், நெய், குழைந்த சாதம், கனிந்த பழம். காரம், புளி, சூடு ஆகாது. ஒவ்வொரு தடவையும் முதலில் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும்.

நான் வேலையை விட்டேன். இரண்டு வரிக் கடுதாசி. குவார்ட்டர்ஸ் போனதால் சிதம்பரத்தில் என் அக்கா சாரதாம்பாள் வீட்டுக்குப் போனோம். அக்கா வீட்டில் கறவை மாடு இருந்தது. குமராட்சி நிலத்திலிருந்து கொஞ்சம் நெல்லும் வந்தது. ரேஷன் காலத்தில் அது பெரிய விஷயம்.

ஆனால் அக்கா பத்தியத்தில் ஊறியவள். மருந்து எவ்வளவு கடுமையோ பத்தியமும் அவ்வளவு கடுமை என்பது அவள் கட்சி. கரண்டை விடக் கடுமையான மருந்து எது? ஆகவே உப்பு இல்லை, பால் இல்லை, நெய் இல்லை, பழம் இல்லை. சுட்ட அப்பளமும் ரசம் இல்லாத சாதமும்தான். வெந்த வாய்க்குச் சுட்ட அப்பளம். அபயாம்பாள் மறுபேச்சில்லாமல் அதை நனைத்து நனைத்து முழுங்கினாள். நானும் பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நாளுக்கு அக்காவை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

சிதம்பரம் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க் ராஜமாணிக்கம் என்னோடு கடலூரில் வேலை பார்த்தவன். பத்தாம் நாள் அவளைப் பார்சல் தராசில் நிறுத்தினான். கல்லை மாற்றி மாற்றி வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“எழுபத்தொம்பது, மச்சான். நீ வைத்தியம் பாக்குறியா, விரதம் இருக்க வைக்கிறியா?”

அன்றைக்கு அக்காவிடம் சீட்டைப் படித்துக் காட்டினேன்.

“கரண்ட் வச்ச ஒடம்புடா. சூடு. நெய்யை ஊத்துனா எரியாது?”

“எரியட்டும். டாக்டர் எழுதியிருக்காரு.”

“அவரு ஒலைய வச்சுப் பொங்குறாரா? பெத்தவளுக்குக்கூட நாலு வேளைதான். இவளுக்கு ஏழு வேளையா?”

அக்கா முணுமுணுத்தபடியே பாலைக் காய்ச்சினாள். அத்துடன் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. எட்டு மணிக் கஞ்சி எட்டு மணிக்கு வைத்த இடத்திலேயே ஆடை கட்டிக் கிடந்தது. கேட்டால் “ஆகட்டும்” என்பாள். நான் மத்தியானம் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் கிண்ணத்தை எடுப்பாள். ராத்திரியும் அப்படியே. வாய்ப்புண் வலிக்கிறது, அதனால்தான் தள்ளிப்போடுகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பத்து மணிக்கு, சும்மா இருந்த கைக்கு ஒரு ரஸ்தாளிப் பழத்தை உரித்துத் தின்றேன். திரும்பிப் பார்த்தால் அவள் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பதினேழு வருஷம் புரியாதது.

“நான் சாப்பிடாம நீ சாப்பிட மாட்டியா?”

“பழக்கம்.”

“டாக்டர் சொன்னா?”

“டாக்டர் என் புருஷனா?”

கோபித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். பொய்யும் சொன்னேன். ஓட்டலில் சாப்பிட்டு வந்தேன் என்றேன். “கையைக் காட்டுங்க” என்று பிடித்து முகர்ந்தாள். ருசி போன பிறகு அவளுக்கு மூக்கு இரண்டு மடங்காகியிருந்தது. “சோப்பு வாசனைதான் வருது” என்று கையை விட்டுவிட்டுக் கஞ்சியை நகர்த்தி வைத்தாள்.

ஆகவே நானும் இரண்டு மணிக்கு ஒரு தரம் சாப்பிட்டேன். ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு. கடுகு தாளித்தால் அவளுக்குக் குமட்டும். அதனால் வீட்டில் தாளிப்பே இல்லை. அவள் சாப்பிடுவதையே நானும் சாப்பிட்டேன். நெய் விட்டுக் குழைத்த சாதம், கேழ்வரகுக் கஞ்சியில் பால், மசித்த பழம். எல்லாம் ஆறிப்போனது. உழைப்பு இல்லாத உடம்பு அத்தனையையும் வாங்கிக்கொண்டது. வேட்டி முடிச்சு நிற்கவில்லை.

அது கெட்ட காலம். அவள் கண்ணாடி பார்ப்பதை விட்டிருந்தாள். கஞ்சி புண்ணில் படும்போது கால் கட்டை விரலைத் தரையில் அழுத்திக்கொள்வாள். இருந்தும் நான் இன்றுவரை திரும்பிப் போக விரும்புகிற காலம் ஒன்று உண்டென்றால் அந்த ஆறு வாரம்தான். அதற்கு முன் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. நான் தூங்கும்போது அவள் விழித்திருந்தாள், நான் விழித்திருக்கும்போது அவள் காத்திருந்தாள். எட்டு மணிக் கஞ்சிக்கும் பத்து மணிக் கஞ்சிக்கும் நடுவேதான் அவளிடம் பேசக் கற்றுக்கொண்டேன். வண்டிச் சத்தத்துக்காக உட்கார்ந்து உட்கார்ந்து டிரைவர்களையே அடையாளம் தெரியும் என்றாள். இழுத்து ஊதுகிறவன் ஒருவன், விக்கல் மாதிரி இரண்டு தரம் ஊதுகிறவன் ஒருவன். பட்டப்பெயர்கூட வைத்திருந்தாள். புண் வாயோடு ஊதிக் காட்டினாள். இழுத்து ஊதுகிறவன் தட்சிணாமூர்த்தி. அவனோடு எட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். அவன் ஊதல் எப்படி இருக்கும் என்று நான் கவனித்ததில்லை.

ஐந்தாவது வாரக் கடைசியில் எண்பத்துநாலரை. புறப்படுவதற்கு முந்தின நாள், மதராஸுக்கு வேண்டிய கடிதத்தில் கையெழுத்து வாங்கக் கடலூர் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. ஆறு மணிக் கஞ்சியைச் சேர்ந்து குடித்தோம்.

“எட்டு மணிக்கு நான் கடலூர்ல சாப்பிட்டுடுவேன். நீ பாட்டுக்குச் சாப்பிடு. பத்துக்குள்ள வந்துடுறேன்.”

“ம்.”

அந்த ‘ம்’மை நான் நம்பவில்லை.

கையெழுத்து சீக்கிரம் கிடைத்தது. திரும்பும் வண்டியைப் புதுச்சத்திரத்தில் நிறுத்திவிட்டார்கள். மிலிட்டரி ஸ்பெஷல். யுத்த காலத்தில் அது போன பிறகுதான் மற்றவை. பிளாட்பாரத்தில் இறங்கி நின்றேன். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் தந்தி தட்டுவது வெளியே கேட்டது. மற்றவர்கள் இதோ கிளம்பிவிடும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் புரிந்தது. ஒன்று இல்லை, மூன்று ஸ்பெஷல். அதைக் கேட்டுக்கொண்டே ஆறு மணி நேரம் நின்றேன். எட்டு மணி கடலூரிலேயே போயிற்று, இப்போது பத்து, பன்னிரண்டு, இரண்டு. நாளைக்குத் தராசு. அரை பவுண்டு ஏற வேண்டியவள் ஒரு பவுண்டு இறங்குவாள். பக்கத்தில் ஒருத்தி வேர்க்கடலை விற்றாள். எனக்குப் பசி காதை அடைத்தது, வாங்கவில்லை. நான் இங்கே தின்றது தெரிந்தால்தானே அவள் அங்கே கஞ்சியை எடுப்பாள்?

நாலரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அபயாம்பாள் சுவரோரம் உட்கார்ந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட்டியா?”

“சாப்ட்டேன்.”

“எத்தனை தரம்?”

“அஞ்சு.”

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். சுருக்கென்று ஒரு நொடி. நான் இல்லாமலே சாப்பிட்டுவிட்டாளா என்று. இவ்வளவுக்கும் பிறகு என் மனசு அப்படித்தான் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“மொறைக்காதீங்க. உங்களுக்குப் பரிமாறிட்டுத்தான் சாப்ட்டேன்.”

கையை நீட்டிக் காட்டினாள். என் மணைக்கு எதிரே வரிசையாக ஐந்து இருந்தன. இரண்டு பித்தளைக் கிண்ணம், ஒரு கல்சட்டி, ஒரு சொம்பு, கடைசியில் அக்காவின் ஊறுகாய் ஜாடி மூடி. எல்லாவற்றிலும் கஞ்சி. எட்டு மணியுடையது களியாக இறுகியிருந்தது.

அடுப்படியிலிருந்து அக்கா சொன்னாள். “ஒவ்வொரு மணிக்கும் உன் மணைக்கு முன்னால வச்சிட்டு, ‘சாப்பிடுங்க’ன்னு சொல்லிட்டு உக்காந்துக்கிட்டா. வீட்ல பாத்திரமே இல்லை. நான் தண்ணி குடிக்கக்கூட ஒண்ணு விடலை.”

“பரிமாறுறது வரைக்கும்தான் என் வேலை” என்றாள் அபயாம்பாள். “நீங்க நேரத்துக்கு வரலேன்னா அது உங்க தப்பு. நாளைக்குத் தராசுல நிக்கப்போறது நானு.”

ரேஷன் அரிசி. கொட்ட முடியாது. எட்டு மணியிலிருந்து தொடங்கினேன். பன்னிரண்டு மணியுடையது கொஞ்சம் புளித்திருந்தது. ஜாடி மூடியில் எலுமிச்சை ஊறுகாய் வாசனை. அவள் எதிரே உட்கார்ந்து கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எட்டிப் பார்த்து, “மெதுவா முழுங்குடா, வெடிச்சிடப்போற” என்றாள்.

மறுநாள் காலை ராஜமாணிக்கம் கல்லை வைத்தான், எடுத்தான், சின்னக் கல்லை வைத்தான். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

“எண்பத்தஞ்சேகால்.”

“இவரையும் நிறுத்துங்க” என்றாள் அபயாம்பாள்.

“வேணாம்மா, ரயில்வே சொத்து” என்றான். இருந்தும் நிறுத்தினான். அப்போதுதான் அந்தப் பத்தொன்பது தெரிந்தது. “இவனை லக்கேஜா புக் பண்ணித்தான் அனுப்பணும்.”

மதராஸில் டாக்டரும் அதே எடையைத்தான் எழுதினார். இரண்டாவது கரண்ட் வைத்தார்கள். அதன்பின் அவள் ஆறு வருஷம் இருந்தாள். ஆனால் நான் நினைத்துக்கொண்டிருப்பது ஆஸ்பத்திரியை அல்ல, நாங்கள் அங்கே போன வண்டியை. சிதம்பரம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மடியிலிருந்த துணி மூட்டையை அவிழ்த்தாள். ஒரு ரஸ்தாளியை எடுத்து உரித்தாள். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன்.

அவள் பாதியைப் பிட்டுத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

“நீங்க அப்புறம் சாப்பிடுங்க” என்றாள். “எனக்குப் பசிக்குது.”

பரங்கிப்பேட்டைகூட வரவில்லை. மணி இன்னும் பத்து ஆகவில்லை.